தோழியின் குறிப்பேடு

திசம்பர்த் திங்கள் பிறந்தவுடன் கிறித்தவ அன்பர்களின் இல்லங்களில் காகித விண்மீன்கள் ஒளிவிடத் தொடங்குகின்றன. மார்கழிப் பனியினூடே அவ்வொளியைக் காண்போர் உள்ளம் குளிர்கின்றது. சிறுவர்கள் வைக்கோலும் களிமண்ணும் கொண்டு குடில் அமைக்கின்றனர். எனக்கோ அந்த விண்மீனைக் காணுந்தோறும் பழுப்பு நிற அட்டையிட்ட ஒரு குறிப்பேடு கண்முன் வந்து நிற்கும். இருபது ஆண்டுகளாக இஃது இவ்வாறே நிகழ்ந்து வருகின்றது.

நாகூரில் ஓர் இசுலாமியக் குடும்பத்தில் பிறந்த நான் கிறித்துமசு நாளைப் பற்றி எழுதுவது சிலருக்கு வியப்பாகத் தோன்றலாம். ஈசா நபியின் பிறப்பைத் திருக்குர்ஆனின் பத்தொன்பதாம் அத்தியாயம் எடுத்துரைப்பதையும், அந்த அத்தியாயமே அன்னை மர்யமின் பெயரைத் தாங்கியிருப்பதையும் என் உம்மா சொல்லக் கேட்டு வளர்ந்தவள் நான். எனினும், நான் எழுத முற்பட்டதற்கு அது மட்டும் காரணமன்று. கிறித்துமசுக்கு மறுநாள் நான் இழந்த ஒரு தோழியும், அவளுடைய அன்னைக்கு நான் இழைத்த ஒரு தவறும், அந்த அன்னையிடமிருந்து நான் கற்ற ஒரு பாடமுமே இக்கட்டுரைக்குக் காரணம்.

கடல்கோள் என்னும் சொல்

அவளும் நானும் திருச்சிராப்பள்ளியில் ஒரு கல்லூரியில் தமிழ் முதுகலையும், பின்னர் இளமுனைவர் பட்டத்திற்கும் ஒருசேரப் பயின்றோம். அவள் ஊர் வேளாங்கண்ணி. என் ஊர் நாகூர். இடையில் நாகப்பட்டினம். விடுமுறை நாள்களில் தஞ்சாவூர், திருவாரூர் வழியாக ஒரே பேருந்தில் வருவோம். நாகப்பட்டினத்தில் இறங்கி, அவள் தெற்கேயும் நான் வடக்கேயும் பிரிந்து செல்வோம். அவள் தந்தையார் ஆரோக்கிய மாதா கோயிலிலிருந்து கடற்கரைக்குச் செல்லும் பாதையில் மெழுகுவத்தியும் செபமாலையும் விற்கும் ஒரு சிறு கடை வைத்திருந்தார். விடுமுறையில் அவள் அக்கடையில் தந்தைக்குத் துணை நிற்பாள்.

நான் சீறாப்புராணத்தின் நாட்டு வருணனையை ஆய்வுக்கு எடுத்துக்கொண்டேன். அவள் புறநானூற்றின் கையறுநிலைப் பாடல்களைத் தேர்ந்தாள். தலைவனை இழந்தோர், செய்வதறியாது நின்று பாடும் துறை அது. பாரியை இழந்த கபிலர், அதியமானை இழந்த ஔவையார், கோப்பெருஞ்சோழனை இழந்த பொத்தியார் ஆகியோரின் பாடல்களையெல்லாம் அவள் அந்தப் பழுப்பு அட்டைக் குறிப்பேட்டில் பட்டியலிட்டு, ஒவ்வொன்றின் ஓரத்திலும் பென்சிலால் தன் கருத்தைக் குறித்து வைத்திருந்தாள். "சிரித்துக்கொண்டே இருக்கும் நீ அழுகைப் பாட்டை ஏனடி எடுத்தாய்?" என்று கேலி செய்வேன். "அழுதவங்கதான் உள்ளத மறைக்காம எழுதியிருக்காங்க" என்பாள்.

'கடல்கோள்' என்னும் சொல்லை நாங்கள் இருவரும் ஒரே வகுப்பறையில்தான் கற்றோம். மகனை இழந்து தேடித் திரிந்த சோழ மன்னன் இந்திர விழாவை நடத்த மறந்தான் என்றும், அதனால் காவிரிப்பூம்பட்டினத்தைக் கடல் கொண்டது என்றும் மணிமேகலை கூறும். ஐந்து மதிப்பெண் வினாவுக்கு உரிய செய்தியாகவே அதனை நாங்கள் மனப்பாடம் செய்தோம். அச்சொல்லுக்கு ஓசையும் நாற்றமும் உண்டென்பதை அன்று நாங்கள் அறிந்தோமில்லை.

திருப்பிக் கொடாத பொருள்

2004ஆம் ஆண்டு திசம்பர் 23ஆம் நாள் விடுமுறைக்கு ஊர் திரும்பும்போது, அவள் தன் குறிப்பேட்டை என் கையில் தந்தாள். என் கையெழுத்து அவளுடையதைவிடத் தெளிவானது என்பதால், பாடல் பட்டியலை மட்டும் தட்டச்சருக்கு ஏற்றவாறு நான் படியெடுத்துத் தர வேண்டும். "கிறிஸ்துமசுக்கு வீட்டுக்கு வா. வரும்போது கொண்டுவந்து கொடு. அம்மாகிட்ட சொல்லிட்டேன், நீ வர்றேன்னு" என்று சொல்லிப் பேருந்து மாறினாள்.

கிறித்துமசு அன்று நான் செல்லவில்லை. அன்று என்னைப் பெண் பார்க்க வருவதாக ஒரு குடும்பத்தார் சொல்லியனுப்பியிருந்தனர். மாலையில் அவள் கடைக்குப் பக்கத்திலிருந்த தொலைபேசிக்கு அழைத்து, "திங்கட்கிழமை வருகிறேன்" என்றேன். அவள் சிரித்தாள். "மாப்பிள்ளை எப்படி?" என்று கேட்டாள். பிறகு, "மெதுவா வா. நோட்டு எங்கயும் ஓடிப்போயிடாது" என்றாள். அவள் என்னிடம் பேசிய இறுதிச் சொற்கள் அவையே.

மறுநாள் திசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. முழுநிலா நாள். கிறித்துமசை அடுத்து வரும் ஞாயிறு என்பதால், கத்தோலிக்கத் திருச்சபை அன்று திருக்குடும்ப விழாவைக் கொண்டாடியது. காலை 6.29 மணிக்குச் சுமத்திராவுக்கு அருகே கடலடியில் 9.1 அளவுடைய நிலநடுக்கம் ஏற்பட்டது. ஏறக்குறைய இரண்டரை மணி நேரத்தில் பேரலை நம் கரையை வந்தடைந்தது. இந்தியப் பெருங்கடலைச் சூழ்ந்த நாடுகளில் 2 இலட்சத்திற்கும் மேற்பட்டோர் மாண்டனர். தமிழகத்தில் மாண்டோர் ஏறத்தாழ 8,000 பேர். அவர்களுள் 6,000க்கும் மேற்பட்டோர் எங்கள் நாகை மாவட்டத்தினர் அல்லது அங்கு வந்திருந்தோர். கிறித்துமசை முன்னிட்டு வேளாங்கண்ணிக்கு வந்து, காலையில் கடலாடச் சென்ற திருப்பயணிகள் பலர் திரும்பவேயில்லை.

என் தோழியின் அன்னையும் பதினாறு வயதுத் தம்பியும் திருப்பலிக்காகக் கோயிலினுள் இருந்தனர், பிழைத்தனர். முதற் பூசையைக் கண்டுவிட்டுக் கடை திறந்த தந்தையும் மகளும் பாதையில் இருந்தனர்.

எங்கள் தெருவைக் கடல் தொடவில்லை. ஆனால் நாகூர்க் கரையில் ஒதுங்கிய உடல்களைச் சுமந்துவரச் சென்ற ஆடவருள் என் வாப்பாவும் ஒருவர். தர்காவுக்குரிய நிலத்தில் இன்ன சமயத்தார், இன்ன ஊரார் என்று பாராமல் அவ்வுடல்கள் அடக்கம் செய்யப்பட்டன. இரவு வீடு திரும்பிய வாப்பா உணவைத் தொடவில்லை. "எல்லாரும் நம்ம புள்ளைங்கதான்" என்று மட்டும் சொன்னார்.

28ஆம் நாள் வாப்பாவுடன் வேளாங்கண்ணி சென்றேன். அது, ஏரோது மன்னனால் கொல்லப்பட்ட பெத்லகேம் குழந்தைகளைத் திருச்சபை நினைவுகூரும் நாள் என்பதைப் பிற்காலத்தில்தான் அறிந்தேன். துயர்துடைப்பு முகாமில் தோழியின் அன்னையைக் கண்டேன். கணவரின் உடல் கிடைத்து அடக்கமும் முடிந்திருந்தது. மகள் கிடைக்கவில்லை. பெயர் தெரியாமல் பொதுக்குழியில் இடப்பட்டோருள் அவளும் ஒருத்தியாக இருக்கலாம். கரையோரம் இருந்த அவர்களுடைய வீட்டில் எஞ்சியது தரை மட்டுமே. அவளுடைய சான்றிதழ்கள், நிழற்படங்கள், துணிமணிகள் யாவும் போயின.

என் கைகளைப் பற்றிக்கொண்டு அந்த அன்னை கேட்டார்: "அவ கையால தொட்டது ஒண்ணுகூட இல்ல பாப்பா. ஒங்கிட்ட ஏதாவது இருக்கா?"

குறிப்பேடு அப்போது என் தோள்பையில்தான் இருந்தது. கொடுப்பதற்கென்றே எடுத்துச் சென்றிருந்தேன். ஆயினும், "இல்லைம்மா" என்று சொல்லிவிட்டேன்.

ஏன் சொன்னேன்? பன்முறை என்னையே கேட்டிருக்கிறேன். அதிர்ச்சி என்று சொல்லித் தப்பலாம். அது முழு உண்மையன்று. அதனைக் கொடுத்துவிட்டால் அவளைப் பற்றிய ஒன்றும் என்னிடம் மிஞ்சாது என்ற தன்னலமே என் நாவில் வந்து அமர்ந்தது. உயிரோடிருந்தவரை ஒரு வாழைப்பழத்தைக்கூட என்னோடு பகிர்ந்துண்ட தோழியின் பொருளை, அவளைப் பெற்றவளிடமிருந்தே மறைத்தேன்.

அதன்பின் நான் வேளாங்கண்ணிப் பக்கம் செல்லவில்லை. துறையிலிருந்து எங்கள் வகுப்புக் குழுப்படத்தின் படியொன்று அவருக்கு அனுப்பப்பட்டது என்று கேள்வியுற்று, அதனால் என் கடன் தீர்ந்ததென என்னையே ஏமாற்றிக்கொண்டேன். திருமணம், பட்டம், பணி, குழந்தை என ஆண்டுகள் உருண்டன. ஒவ்வொரு திசம்பரிலும் ஒரு காரணம் கிடைத்தது. தேர்வுத் தாள் ஒருமுறை, குழந்தையின் காய்ச்சல் மறுமுறை. விண்மீன் விளக்குகள் ஒளிரும் தெருவைத் தவிர்த்து, வேறு வழியாக வீடு திரும்பினேன்.

வகுப்பில் ஒரு வினா

2009ஆம் ஆண்டு திசம்பர் முதல் வாரத்தில் புறநானூற்றின் 242ஆம் பாடலை வகுப்பில் நடத்தினேன். ஒல்லையூர் கிழான் மகன் பெருஞ்சாத்தன் மாய்ந்தபின், குடவாயில் கீரத்தனார் பாடிய கையறுநிலை அது. சூடுவாரும் பறிப்பாரும் துயரத்தில் ஆழ்ந்திருக்கும் நாட்டில், தன் போக்கில் மலர்ந்து நிற்கும் முல்லையைப் பார்த்துப் புலவர் வினவுகின்றார். வகுப்பில் பின்வரிசையில் இருந்த ஒரு மாணவி எழுந்து, "அம்மா, பூவின் மேல் புலவருக்குக் கோபமா? பூ என்ன செய்யும்?" என்று கேட்டாள்.

நல்ல வினா. விடை கூறத் தொடங்கிய எனக்கு, அப்பாடலுக்கு நேராகத் தோழி பென்சிலால் எழுதியிருந்த குறிப்பு நினைவில் எழுந்தது. அதனை அப்படியே சொன்னேன்: 'கோபம் இல்லை. பூ பூத்ததால்தான் சூடுகிறவர் இல்லை என்பது கண்ணுக்குத் தெரிகிறது. பூக்காமல் இருந்திருந்தால் புலவர் அவனை நினைத்திருக்கவே மாட்டார்.'

சொல்லி முடித்ததும் குரல் உடைந்தது. மாணவியர் திகைத்தனர். நீர் அருந்தும் பாவனையில் திரும்பி நின்றேன். ஐந்து ஆண்டுகளாக நான் வெறுத்து ஒதுக்கிய அந்த விண்மீன் விளக்குகள், ஒல்லையூர் முல்லையைப் போலத் தம் கடமையைச் செய்தன என்பது அப்போதுதான் விளங்கிற்று. விழாவின் மேல் எனக்குச் சினமில்லை. விழா என் குற்றத்தைச் சுட்டிக் காட்டியதுதான் என்னைச் சுட்டது.

ஐந்தாம் கிறித்துமசு

அவ்வாண்டு திசம்பர் 25 வெள்ளிக்கிழமை. வாப்பாவிடம் முழுவதையும் சொன்னேன். அவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. "அமானிதத்தை உரியவங்ககிட்ட சேர்க்கணும் மகளே. நேரமாயிடுச்சேன்னு அதை விட்டுடலாமா?" என்று சொல்லி உடன் புறப்பட்டார்.

தோழியின் குடும்பம் கடற்கரையிலிருந்து உள்ளே தள்ளிக் கட்டிக் கொடுக்கப்பட்ட புது வீட்டில் இருந்தது. வாசலில் விண்மீன் தொங்கியது. உள்ளே சிறு குடில். கதவைத் திறந்த அன்னை என்னைக் கண்டு ஒரு நொடி நின்றார். பிறகு, நேற்றுதான் பிரிந்து சென்றவளை அழைப்பதுபோல், "வா பாப்பா. அத்தாவையும் உள்ள கூப்பிடு. சாப்பிடுங்க" என்றார்.

என்னால் உட்கார இயலவில்லை. நின்றவாறே குறிப்பேட்டை நீட்டி, முகாமில் பொய் சொன்னதை அழுதுகொண்டே ஒப்புக்கொண்டேன். அவர் அதனை வாங்கி அட்டையைத் தடவினார், பிரித்துப் பார்த்தார், எழுத்துகளின் மேல் விரலை ஓட்டினார். அவர் எழுத்தறியாதவர். சிறிது நேரம் கழித்துச் சொன்னார்:

"அன்னைக்கே நீ குடுத்திருந்தா, முகாம்ல எங்க வச்சுக் காப்பாத்தியிருப்பேன்? ஒங்கிட்ட பத்திரமா இருந்திருக்கு."

அஃது என்னை மன்னிப்பதற்காக அவர் தேடிக் கண்டெடுத்த காரணம் என்பதை நான் அறிவேன். ஆயினும் அந்தக் கருணையின் முன் நான் வாயடைத்து நின்றேன்.

உண்ண அமர்ந்தபோது இன்னொன்றும் அறிந்தேன். அடுப்படியில் இறைச்சிக் குழம்பு தனியே இருக்க, எங்களுக்குச் சோறும் மீன் குழம்பும் பரிமாறினார். நாங்கள் வருவது அவருக்குத் தெரியாதே, பின் எவ்வாறு தனியே மீன் சமைத்தார் என்று வினவினேன். "நீ வருவேன்னு அவ சொன்னா. அவங்க அறுத்த கறிதான் சாப்பிடுவாங்க, அதனால மீனும் ஆக்கு அம்மான்னு சொன்னா. வர்றப்ப வரட்டும்னு ஒவ்வொரு வருசமும் கொஞ்சம் மீனும் ஆக்கிடுவேன்" என்றார்.

கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்தபோது, தான் நேரிற் காணாத பிசிராந்தையாருக்கும் ஓர் இடம் வைக்கச் சொன்னான் என்பதைப் படித்திருக்கிறோம். ஆந்தையார் வந்து அவ்விடத்தை நிரப்பினார் என்பதையும் படித்திருக்கிறோம். வருவேன் என்று சொல்லி வாராத எனக்காக ஓர் இடம் ஐந்து ஆண்டுகள் காத்திருந்தது. அந்த இடத்தில் அமர்ந்துதான் அன்று உண்டேன்.

கைகழுவி வந்தபின் அவர் கேட்டார்: "அவ என்ன எழுதியிருக்கா? படிச்சுக் காட்டு."

படித்தேன். கபிலர், ஔவையார், பொத்தியார் என்னும் பெயர்களை அவர் அதற்குமுன் கேட்டதில்லை. ஆனால் பென்சில் குறிப்புகள் அவருக்கு விளங்கின. சில இடங்களில், "ஆமா, அவ இப்படித்தான் பேசுவா" என்று சிரித்தார். முல்லைப் பாடலின் குறிப்பைப் படித்தபோது சிரிக்கவில்லை. நெடுநேரம் பேசாதிருந்துவிட்டுச் சொன்னார்: "முதல் ரெண்டு வருசம் நான் ஸ்டார் கட்டல பாப்பா. குடிலும் வைக்கல. தம்பி ஒருநாள் கேட்டான், 'அக்காவும் அப்பாவும் செத்த நாளு மட்டும் வருதே, அவங்க சந்தோசமா இருந்த நாளு வரவேண்டாமா?'ன்னு. அப்புறந்தான் கட்டினேன்."

மகனை இழந்த துயரில் விழாவை மறந்த மணிமேகலைச் சோழன் என் நினைவுக்கு வந்தான். கடல்கோளுக்கு அக்காப்பியம் கூறும் காரணத்தை நாம் ஏற்க வேண்டியதில்லை. விழா நடந்த ஊரையும் நடவாத ஊரையும் கடல் பிரித்தறியாது. 2004 அதற்குச் சான்று. ஆனால் துயர் மிகும்போது விழாவைக் கைவிடுவது மனிதர்க்கு இயல்பு என்பதை அப்புலவர் அறிந்திருந்தார். அதனைக் கடந்துவரச் சோழனுக்கு இயலவில்லை. மெழுகுவத்தி விற்று வாழ்ந்த எழுத்தறியா அன்னை ஒருவருக்கு இயன்றது.

இரு வீடுகள்

துயரம் நம்பிக்கைக்குப் பகை என்று கருதுவோர் உளர். அவ்வாறாயின் பெரியோர் அழுதிருக்கமாட்டார்கள். இலாசரின் கல்லறை முன் இயேசு கண்ணீர் விட்டதாக யோவான் நற்செய்தி கூறுகின்றது. தம் பச்சிளம் மகன் இப்ராகீம் மறைந்தபோது நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கண்ணீர் வடித்ததை நபிமொழித் தொகுப்புகள் கூறுகின்றன. மறுமையில் அசையாத நம்பிக்கை கொண்ட அவர்களே அழுதிருக்க, அழுகையை நம்பிக்கைக் குறைவென்று நாம் எவ்வாறு சொல்வது? கிறித்துமசு விழாவின் அடுத்தடுத்த நாள்களை நோக்குங்கள். 25ஆம் நாள் பிறப்பு. 26ஆம் நாள் முதற் சான்றோராகக் கல்லெறியுண்டு இறந்த சுதேவானின் நினைவு. 28ஆம் நாள் கொலையுண்ட குழந்தைகளின் நினைவு. தொட்டிலுக்கு அருகிலேயே கல்லறைக்கும் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். அன்னை மரியின் மடியில் குழந்தை இருந்த அதே நாள்களில் பெத்லகேமின் பிற அன்னையர் மடி வெறுமையாயிற்று என்பதை அந்நாள்காட்டி மறக்கவில்லை.

2009 முதல் ஒவ்வொரு கிறித்துமசுக்கும் நான் வேளாங்கண்ணி செல்கிறேன். சில ஆண்டுகளில் மறுநாளும் தங்குவேன். 26ஆம் நாள் கோயிலிலிருந்து நினைவிடம் வரை அமைதி ஊர்வலம் செல்கின்றது. அங்கே மும்மதத்தாரும் நின்று மாண்டோருக்காக வேண்டுகின்றனர். தோழியின் அன்னை அங்கு ஒரு மெழுகுவத்தி ஏற்றுவார். நான் ஃபாத்திஹா ஓதுவேன். அவள் அங்கு உறங்குகிறாளா என்பது எங்கள் இருவருக்கும் தெரியாது. தெரியாத இடத்தில் உறங்கும் பலருக்கும் சேர்த்தே நாங்கள் வேண்டுகிறோம்.

2016இல் என் வாப்பா மறைந்தார். செய்தி கேட்டு அந்த அன்னை பேருந்தில் நாகூர் வந்தார். என் உம்மா நான்கு மாதமும் பத்து நாளும் இத்தா இருந்த காலத்தில் மாதந்தோறும் ஒருமுறை வந்து, உம்மாவின் அருகில் பாயில் அமர்ந்திருப்பார். இருவரும் அதிகம் பேசிக்கொள்ளமாட்டார்கள். வெற்றிலை மடித்துக் கொடுப்பார்கள், வாங்கிக்கொள்வார்கள். ஆறுதல் கூற நாம் கற்ற நூல்களிலெல்லாம் தேடும் சொற்கள், அந்தப் பாயில் தேவைப்படவில்லை. ஒருமுறை புறப்படும்போது உம்மா அவரிடம், "அடுத்த மாசமும் வருவீங்கதானே?" என்று கேட்டார்கள். அந்த ஒரு வினாவில், அடுத்த மாதம் என்று ஒன்று உண்டு என்பதை உம்மா முதன்முறையாக ஏற்றுக்கொண்டதை நான் உணர்ந்தேன்.

நம்பிக்கை என்பது இதுதான் போலும். இழந்தவர் திரும்புவர் என்பதன்று. இழந்ததை மறப்போம் என்பதுமன்று. அடுத்த மாதத்திற்கும் அடுத்த கிறித்துமசுக்கும் ஒருவர் வருவார் என எண்ணிக் கொஞ்சம் கூடுதலாகச் சமைத்து வைப்பது. 2004இல் பேரலை புறப்பட்டுவிட்டதென்று நம் கரைக்குச் சொல்ல எவருமில்லை. 2007இல் ஐதராபாத்தில் முன்னெச்சரிக்கை மையம் தொடங்கப்பட்டது. அதுவும் ஒருவகையில், இனி வரப்போகும் எவர் பிள்ளைக்கோ ஓர் இடம் காத்துவைப்பதே அன்றோ?

இருபதாம் ஆண்டு

2024ஆம் ஆண்டு கிறித்துமசு, அவளை இழந்தபின் வந்த இருபதாம் கிறித்துமசு. அன்னைக்கு முதுமை வந்துவிட்டது. கடையைத் தம்பி கவனித்துக்கொள்கிறான். அவனுக்கு ஒரு மகள். நான்காம் வகுப்பு மாணவி. அத்தையின் பெயரைத்தான் அவளுக்குச் சூட்டியிருக்கிறார்கள். குடிலை அவளே அமைத்திருந்தாள். ஆட்டுக்குட்டி பொம்மைகளுக்கு நடுவே ஒரு சிறு மீன்பிடி படகையும் நிறுத்தியிருந்தாள். "பெத்லகேமில் கடல் ஏது?" என்று கேட்டேன். "நம்ம ஊருக்கும் இயேசு வருவார்ல அத்தை" என்றாள்.

உணவுக்குப்பின், வழக்கம்போல் அன்னை குறிப்பேட்டை எடுத்துவரச் சொன்னார். அட்டை நைந்துவிட்டது, பென்சில் எழுத்துகள் மங்கியிருந்தன. மூக்குக்கண்ணாடியை நான் மறந்து வந்திருந்தேன். "நான் படிக்கட்டுமா?" என்று சிறுமி கேட்டாள்.

எழுத்துக் கூட்டிப் படித்தாள். தன் பெயரை முதற்பக்கத்தில் கண்டு மகிழ்ந்தாள். இருபது ஆண்டுகளுக்குப்பின் அந்தப் பெயருடைய ஒருத்தியின் வாயிலிருந்து அந்தச் சொற்கள் வெளிவருவதைக் கேட்டு, அன்னை கண்களை மூடிக்கொண்டார். சிறுமி ஒரு சொல்லில் தடுக்கி நின்றாள். "கை... கையறு... அத்தை, இதுக்கு என்ன அர்த்தம்?"

பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாகத் தமிழ் நடத்தும் எனக்கு, தொல்காப்பியமும் புறப்பொருள் வெண்பாமாலையும் கூறும் இலக்கணங்கள் நாவின் நுனிவரை வந்து நின்றன. அதற்குள் அன்னையே விடை கூறிவிட்டார். "ரொம்ப வேண்டியவங்க போயிட்டா, என்ன செய்றதுன்னு தெரியாம கை ஓஞ்சுபோயிடும் கண்ணு. அதுதான்."

"அப்புறம்?"

"அப்புறம் யாராவது ஒரு வேலை சொல்லுவாங்க. கை மறுபடியும் அசையும். போ, தீப்பெட்டி எடுத்துட்டு வா. அத்தைக்கும் தாத்தாவுக்கும் மெழுகுவத்தி ஏத்து. நாகூர்த் தாத்தாவுக்கும் ஒண்ணு."

சிறுமி குடிலின் முன் மூன்று மெழுகுவத்திகளை ஏற்றினாள்.

மாணவச் செல்வங்களே! கையறுநிலையைப் பற்றி உங்கள் பாடநூலில் இன்னும் பல செய்திகள் உள்ளன. அவற்றைத் தேர்வுக்குப் படியுங்கள். ஆனால் உங்களுள் எவர் வீட்டு அலமாரியிலேனும், மறைந்த ஒருவரின் பொருள், அதற்காக ஏங்கும் ஒருவரிடம் சேராமல் கிடக்குமாயின், காலம் கடந்துவிட்டதே எனத் தயங்காதீர்கள். வருகின்ற பெருநாள் விடுமுறையில் அதனை எடுத்துச் செல்லுங்கள். அங்கே உங்களுக்கும் சேர்த்துச் சமைத்திருக்கக்கூடும்.